சோழமண்டலத் துணிகளின் வடிவம் எங்கிருந்து வந்தது?

லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்திலும் டொராண்டோவின் ராயல் ஒன்டாரியோ அருங்காட்சியகத்திலும் 18ஆம் நூற்றாண்டுச் சோழமண்டலக் கரைத் துணிகள் நிறைய உண்டு. அவற்றைப் பார்ப்பவர் கண்ணில் முதலில் படுவது நீல இலைகள். பூ சிவப்பு, கோடு கறுப்பு, இலை மட்டும் நீலம். இன்று அச்சாகும் திரைச்சீலைகளிலும் மெத்தை விரிப்புகளிலும் அந்த நீல இலை அப்படியே நகலாகி வருகிறது. ஆனால் துணியில் வடிவத்தை எழுதியவர் மனத்தில் இருந்த இலை பச்சைதான். அவுரியில் தோய்த்தெடுத்த நீலத்தின் மேல் கடைசியில் கையால் ஒரு மஞ்சளைப் பூசிப் பச்சையாக்கினார்கள். அந்த மஞ்சள் உறுதியற்றது. வெளிச்சத்திலும் சலவையிலும் அது போய்விட, அடியில் இருந்த அவுரி நின்றுவிட்டது. நாம் வடிவமைப்பு என்று கொண்டாடுவதில் ஒரு பகுதி, சாயத்தின் ஆயுளைப் பற்றிய செய்தி.

பழந்துணிகளை நேசிப்பவர்களுக்கு இந்தச் செய்தி ஒரு பெரிய கேள்வியைத் திறந்துவிடுகிறது. ஒரு துணியின் வடிவம் எங்கிருந்து பிறக்கிறது? வரைந்தவர் கண்ணிலிருந்தா, வாங்கியவர் ஆசையிலிருந்தா, கையில் இருந்த கருவியிலிருந்தா? இதுவரை எழுதப்பட்டவற்றில் முதல் இரண்டுக்கும் கிடைத்த இடம் மூன்றாவதற்குக் கிடைக்கவில்லை என்பது என் எண்ணம். அதற்கு வரலாற்றுக் காரணம் இருக்கிறது. 1851 லண்டன் பெருங்கண்காட்சியில் இந்தியத் துணிகளைக் கண்டு வியந்த ஓவன் ஜோன்ஸ், 1856இல் வெளியிட்ட அலங்கார வடிவங்களின் பெருந்தொகுப்பில் அவற்றின் பூக்களையும் கொடிகளையும் வண்ணத் தகடுகளாக அச்சிட்டார். 1866இல் ஜான் ஃபோர்ப்ஸ் வாட்சன் இந்தியா முழுவதிலிருந்தும் சேர்ந்த துணிகளை வெட்டி, 700 மாதிரிகளை 18 தொகுதிகளில் ஒட்டி, 20 படிகள் உருவாக்கினார். 13 படிகள் பிரிட்டனில் நின்றன, 7 இந்தியாவுக்கு வந்தன. இந்தியச் சந்தைக்கு எதை நெய்தால் விற்கும் என்று பிரிட்டிஷ் ஆலைகள் தெரிந்துகொள்வதே அதன் நோக்கம். இந்த இரு முயற்சிகளும் அழகானவை, பயனுள்ளவை. ஆனால் இரண்டிலும் வடிவம் தறியிலிருந்தும் சாயத் தொட்டியிலிருந்தும் கழன்று காகிதத்துக்குப் போய்விட்டது. அதன் பிறகு வந்த ரசிகர்களான நாம் துணியைப் படமாகப் பார்க்கவே பழகினோம்.

நமக்கு எஞ்சியிருக்கும் சான்றுகளும் இந்தப் பழக்கத்துக்கு உதவின. மொகஞ்சதாரோவில் ஒரு வெள்ளிப் பாத்திரத்தோடு ஒட்டிக் கிடைத்த சிறு பருத்தித் துணுக்கில் வேர்ச்சாயச் சிவப்பு இருந்தது. ஆகவே பருத்தியில் சிவப்பை நிறுத்தும் வித்தை இந்த மண்ணில் 4000 ஆண்டுப் பழமை உடையது. அதற்குப் பிறகு துணிகள் கிடைக்கும் இடங்கள் பெரும்பாலும் வெளிநாடு. செங்கடல் ஓரத்துப் பெரெனிகே துறைமுகத்தில் மெழுகு போன்ற தடையிட்டுச் சாயம் தோய்த்த இந்தியப் பருத்தித் துணுக்குகள் கிடைத்தன. கெய்ரோவின் பழைய நகரமான ஃபுஸ்தாத்தோடு தொடர்புபடுத்தப்படும் குஜராத் அச்சுத் துணித் துணுக்குகள் சுமார் 1200, ஆக்ஸ்ஃபோர்டின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் மட்டும் இருக்கின்றன. சுலாவெசித் தீவின் தொராஜா மக்கள் தலைமுறை தலைமுறையாகப் பேழையில் காத்து வந்த இந்தியத் துணிகளை வயதுக் கணிப்புக்கு உட்படுத்தியபோது அவற்றுள் சில, பல நூற்றாண்டுப் பழமை காட்டின. ஜப்பானில் தேநீர்க் கலைஞர்கள் சோழமண்டலத் துணியைச் சிறு சிறு துண்டாக வெட்டி, கிண்ணங்களுக்கும் பெட்டிகளுக்கும் உறை தைத்தார்கள். ஹிகோனே பிரபுக் குடும்பம் சேர்த்த சுமார் 450 துண்டுகள் இன்று தோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் உள்ளன. எகிப்தின் வறட்சியும் தொராஜாக்களின் பக்தியும் காத்ததை நம் ஊரின் ஈரமும் கரையானும் காக்கவில்லை. நம் ஊரில் துணியை உடுத்தித் தீர்த்தார்கள், கோயிலில் கட்டித் தீர்த்தார்கள். ஆகவே சோழமண்டலத் துணியின் வடிவ வரலாறு என்று நம் கையில் இருப்பது பெரும்பாலும் ஏற்றுமதித் துணியின் வரலாறு. இந்தச் சாய்வை மனத்தில் வைத்துக்கொண்டுதான் மற்றதைப் படிக்க வேண்டும்.

செய்முறையைப் பற்றிய எழுத்துச் சான்றுகளில் மூன்று மிக முக்கியமானவை. மூன்றும் ஐரோப்பியர் எழுதியவை, மூன்றுக்கும் பின்னால் தேவை இருந்தது. பிரான்ஸ் 1686இல் இந்திய வண்ணத் துணிகளையும் அவற்றின் போலிகளையும் தடை செய்தது. 1759 வரை அந்தத் தடை நீடித்தது. இங்கிலாந்தில் 1701 முதல் இறக்குமதித் தடை, 1721இல் உடுத்தவே தடை. தங்கள் கம்பளி, பட்டு நெசவாளரைக் காக்கத் தடை போட்ட அதே நாடுகள் இந்த வித்தையைத் தெரிந்துகொள்ளவும் ஆள் அனுப்பின. புதுச்சேரிக்கு வந்த பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி பொலியூ 1734 வாக்கில் ஒரு சாயக்காரரைத் தன் முன்னால் வேலை செய்ய வைத்தார். ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் துணியில் ஒரு துண்டை வெட்டிக் குறிப்போடு ஒட்டினார். பாரிஸ் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் அந்தக் கையெழுத்துப்படியும் 11 துணித் துண்டுகளும் இன்றும் இருக்கின்றன. 1742இல் இயேசு சபைப் பாதிரியார் கேர்தூ, மதம் மாறிய சாயக்காரர்களிடம் கேட்டறிந்து விரிவான கடிதம் எழுதினார். 1790களில் தாவரவியலாளர் வில்லியம் ராக்ஸ்பரோ சாயவேரைப் பற்றி எழுதினார். பொலியூ குறிப்பெடுத்த அதே காலத்தில், 1734இல், சென்னையில் கூவத்தின் கரையில் சிந்தாதிரிப்பேட்டை உருவானது. நூற்பவர், நெய்பவர், துணிக்கு எழுதுபவர், வெளுப்பவர் ஆகியோரைக் குடியேற்றிக் கிழக்கிந்தியக் கம்பெனி அமைத்த பேட்டை அது. வடிவம் ஒருவர் கையில் பிறக்கவில்லை என்பதை அந்தக் குடியேற்றப் பட்டியலே சொல்லிவிடுகிறது.

மூன்று சான்றுகளையும் சேர்த்துப் படித்தால் செய்முறை இப்படி விரிகிறது. பாதி வெளுத்த துணியைக் கடுக்காய்த் தூளும் எருமைப்பாலும் கலந்த நீரில் ஊறவைத்து, பிழிந்து, வெயிலில் காயவைத்து, மரக்கட்டையின் மேல் வைத்து அடித்து வழவழப்பாக்குவார்கள். கடுக்காயின் துவர்ப்பு சாயத்துக்கு வழி செய்கிறது. பாலின் கொழுப்பு, எழுதும் நீர் துணியில் பரவிக் கசியாமல் தடுக்கிறது. பிறகு, துளை குத்திய காகிதத்தைத் துணிமேல் விரித்துக் கரித்தூள் பொட்டலத்தால் தட்டினால் வடிவத்தின் சுவடு விழும். அந்தச் சுவட்டின் மேல் இரண்டு நீர்களால் எழுதுவார்கள். வெல்லமும் துருப்பிடித்த இரும்பும் புளித்த நீர் ஒன்று. படிகார நீர் மற்றது. இரும்பு நீர் கடுக்காயைத் தொட்டதும் கறுத்துவிடும். படிகார நீருக்கு நிறமே கிடையாது. எழுதிய இடம் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகவே அதில் கொஞ்சம் சப்பங்கிச் சாயம் கலப்பார்கள். அது பின்னால் போய்விடும்.

அடுத்து துணி சாயவேர் கொதிக்கும் பானைக்குப் போகும். சாயவேர் நம் கடற்கரை மணலில் வளரும் சிறு செடியின் வேர். இம்பூரல் என்று மருத்துவ நூல்கள் அறிந்த செடி. கிருஷ்ணா முகத்துவாரத்திலிருந்து மன்னார், யாழ்ப்பாணம் வரை இது தோண்டப்பட்டது. டச்சுக்காரர் ஆண்ட காலத்தில் இலங்கையின் வடகரையில் சாயவேர் தோண்டுவதற்கென்றே ஒரு சமூகம் இருந்தது. துணி முழுவதும் ஒரே பானையில்தான் வேகிறது. ஆனால் படிகாரம் பட்ட இடம் சிவக்கிறது, இரும்பு பட்ட இடம் கறுக்கிறது, இரண்டும் கலந்து எழுதிய இடம் ஊதாவாகிறது. எதுவும் எழுதாத இடத்தில் ஒட்டிய இளஞ்சிவப்பு, சாணி நீரிலும் வெயிலிலும் மாறி மாறிப் போட்டு வெளுக்க வெளுக்கப் போய்விடுகிறது.

இங்கே நின்று யோசிக்க வேண்டும். எழுதுபவர் நிறத்தால் எழுதவில்லை. பின்னால் நிறமாகப் போகும் ஒரு நீரால் எழுதுகிறார். ரோஜா நிறம் வேண்டுமா, அடர் சிவப்பு வேண்டுமா என்பதைப் படிகாரத்தின் காரத்தை வைத்து முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். ஓர் இதழின் விளிம்பு வெளிறியும் நடு அடர்ந்தும் வருவது, எழுதும்போது கண்ணால் பார்த்துச் சரிசெய்த காரியம் அல்ல, பானையிலிருந்து எடுக்கும்வரை அது தெரியவே தெரியாது. சோழமண்டலத் துணிகளின் உறுதியான கோட்டுக்கு இதுவே காரணம் என்று நான் நம்புகிறேன். நிறத்தை நம்ப முடியாதவர் கோட்டை நம்புகிறார். கோடு எல்லையைத் திட்டமாகச் சொல்லிவிட்டால், பானை எப்படி நடந்துகொண்டாலும் பூ பூவாகவே இருக்கும்.

நீலத்தின் கதை வேறு. அவுரிக்குப் படிகாரம் தேவையில்லை. அது தொட்டியில் தோய்ந்து காற்றில் நீலமாகும் சாயம். துணி முழுவதும் தோயும் என்பதால், நீலம் வேண்டாத இடமெல்லாம் மெழுகால் மூட வேண்டும். ஒரு பெரிய விரிப்பில் நீல இலைகள் பத்தில் ஒரு பங்கு இருந்தால், மற்ற ஒன்பது பங்கையும் கையால் மெழுகிட வேண்டும். மெழுகிட்ட துணி நீலச் சாயக்காரரிடம் போகும். அவர் தனி ஆள், தனித் தொழில். திரும்பி வந்ததும் கொதிநீரில் மெழுகை எடுத்துவிட்டு, சிவப்புக்குள் வெள்ளையாக நிற்க வேண்டிய நுண்கோடுகளுக்கு மறுபடி மெழுகு எழுதி, மறுபடி படிகாரம், மறுபடி சாயவேர்ப் பானை. பெரிய இதழ்களுக்கும் இலைகளுக்கும் உள்ளே காணப்படும் அந்தச் சின்னஞ்சிறு வலைகளும் புள்ளிகளும் சுருள்களும் பாரசீக, சீன நுண்ணழகின் தாக்கம் என்று பொதுவாகச் சொல்வதுண்டு. தாக்கம் இருக்கலாம். ஆனால் படிகாரம் பூசிய அகலமான பரப்பு ஒரே சீராகச் சாயம் ஏற்பது கடினம். திட்டுத்திட்டாகத் தெரியும். அதை வெள்ளைக் கோடுகளால் உடைத்துவிட்டால் திட்டுத் தெரியாது. பொலியூவின் துண்டுகளை வரிசையாகப் பார்க்கும்போது, இந்த நிரப்பு வடிவங்களில் ஒரு பாதி சாயக்காரரின் தற்காப்பு என்றே எனக்குப் படுகிறது.

கருவிகளைப் பார்ப்போம். எழுதும் கலம் ஒரு மூங்கில் குச்சி. முனைக்குச் சற்று மேலே கம்பளி நூலையோ துணியையோ உருண்டையாகச் சுற்றி நூலால் கட்டுவார்கள். உருண்டை நீரைக் குடித்து வைத்துக்கொள்ளும். விரல்களால் அதை அழுத்த அழுத்த நீர் முனைக்கு இறங்கும். மெழுகுக்கு இரும்பு முனை. அதைச் சுற்றியும் மயிர் உருண்டை. கலத்தின் கோடு தொடங்கும் இடத்தில் சற்றுத் தடித்து, ஓடும்போது இளைத்து, திரும்பும் இடத்தில் விரல் அழுத்தத்துக்கு ஏற்பப் பெருக்கும். கொடிகள் இந்தக் கருவிக்காகவே பிறந்தவை போல இருப்பதில் வியப்பில்லை. நேர்கோடும் செங்கோணமும் இதற்கு வலி. ஜாவாவின் பத்திக் கலைஞர் கையில் இருப்பது சிறு செம்புக் கிண்ணமும் குழாய் மூக்கும் உடைய கருவி. அதிலிருந்து உருகிய மெழுகு ஒரே சீராக வழியும். அதனால் ஜாவாக் கோடு தடிப்பு மாறாமல் ஓடுகிறது, புள்ளிகள் மணி மணியாக விழுகின்றன. மசூலிப்பட்டினத்துப் பக்கம், இன்றைய பெடனாவில், தேக்குக் கட்டையில் செதுக்கிய அச்சு. அச்சுக்காரர் கோட்டைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். ஓர் அச்சின் விளிம்பு அடுத்ததோடு சேரும் இணைப்பில்தான் அவர் கவனம் முழுதும். அங்கே வடிவம் சதுரத்துக்குள் வாழ்கிறது.

ஐரோப்பாவில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். 1752இல் அயர்லாந்தின் டிரம்கோண்ட்ராவில் ஃபிரான்சிஸ் நிக்சன் செப்புத் தகட்டால் துணியில் அச்சிட்டார். தகட்டில் மயிரிழைக் கோடு வரும், ஒரு கஜம் அளவுக்குப் பெரிய காட்சி வரும், ஆனால் பல நிறங்களைப் பொருத்துவது கடினம். ஆகவே ஒற்றை நிறத்தில், வெள்ளைப் பின்னணியில், மரமும் ஆடு மேய்ப்பவரும் இடிந்த மண்டபமுமாகக் காட்சிகள் விரிந்தன. பிரான்சில் தடை நீங்கியதும் 1760இல் ஓபர்காம்ஃப் ழூயியில் தொடங்கிய ஆலை அந்தப் பாணியால் பெயர் பெற்றது. 1783இல் தாமஸ் பெல் உருளை அச்சுக்கு உரிமை பெற்றார். உருளை வந்ததும் பெரிய காட்சி சுருங்கி, உருளையின் சுற்றளவுக்குள் அடங்கும் சிறு பூக்கள் பெருகின. இதைப் பிரெஞ்சு ரசனை, ஆங்கில ரசனை என்று பிரித்துச் சொல்லும் நூல்கள் உண்டு. நான் அதைச் செப்புத் தகட்டின் ரசனை, உருளையின் ரசனை என்றே சொல்வேன்.

வாங்குபவர் பங்கு இல்லை என்று சொல்ல முடியாது. அதைப் பற்றிய வலுவான ஆய்வு ஜான் இர்வினும் கேத்தரின் பிரெட்டும் 1970இல் வெளியிட்டது. படுக்கைத் திரைகளில் பாறையிலிருந்து எழுந்து வளைந்து விரியும் பூமரம், தொன்மையான இந்திய வடிவம் என்று அதுவரை நம்பப்பட்டது. அவர்கள் அதை ஐரோப்பியக் கட்டளைகளும் பாரசீக, சீனச் சாயல்களும் இந்தியக் கையும் சேர்ந்து உருவான கலவை என்று காட்டினார்கள். 1643இல் கிழக்கிந்தியக் கம்பெனி லண்டனிலிருந்து சூரத்துக்கு எழுதிய கடிதம் அடிக்கடி எடுத்துக்காட்டப்படும். சிவப்புப் பின்னணி கொண்ட மெத்தை விரிப்புகள் விற்கவில்லை, பின்னணி வெள்ளையாக இருக்கட்டும், பூக்களை எழுதுபவர் விருப்பம்போல் எழுதட்டும் என்பது அதன் சாரம். சியாம் அரசவை தன் வடிவங்களை அனுப்பிச் சோழமண்டலத்தில் எழுதி வரவழைத்தது. ஆர்மீனியத் தேவாலயங்களுக்கு வேதாகமக் காட்சிகள் போயின. புரூக்லின் அருங்காட்சியகத்தில் இருக்கும் 17ஆம் நூற்றாண்டின் முற்பாதியைச் சேர்ந்த 7 பாகத் திரைச்சீலையில் பல தேசத்து மனிதர் தத்தம் உடையோடு நிற்கிறார்கள். எழுதியவர்கள் தங்கள் துறைமுகத்துக்கு வந்து போனவர்களை எவ்வளவு கூர்ந்து பார்த்திருக்கிறார்கள் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம்.

எனினும் அந்த 1643ஆம் ஆண்டுக் கடிதத்தைச் செய்முறையோடு சேர்த்துப் படித்தால் வேறொன்று தெரிகிறது. பின்னணி வெள்ளையாக இருக்கட்டும் என்பது ஒரு வரிக் கட்டளை. சாயவேர்ப் பானையில் வெந்த துணியின் வெறும் பரப்பை மறுபடி வெள்ளையாக்குவது பல நாள் வெயிலும் நல்ல தண்ணீரும் வெளுப்பவரின் முதுகும் கேட்கிற வேலை. லண்டன் கேட்ட அழகைக் கொடுத்தவர்களில் எழுதியவருக்கு இணையான பங்கு வெளுத்தவருக்கு உண்டு. மேட்டிபெல் கிட்டிங்கர் 1982இல் எழுதிய நூலில் இந்தியச் சாயக்காரர்களை உலகத்துக்கே சாயம் கற்பித்தவர்களாக வைத்துப் பேசினார். அதே ஆண்டு லோத்திகா வரதராஜன் கலம்காரி எனப்படும், கலத்தால் எழுதும் தென்னிந்திய மரபுகளைத் தனியாக ஆராய்ந்தார். வெளுப்பவர்களைப் பற்றித் தனி நூல் எழுதப்பட வேண்டும்.

நமக்காகவே எழுதப்பட்ட துணிகளைப் பார்த்தால் ஏற்றுமதித் துணி காட்டாத ஒரு ரசனை தெரிகிறது. தஞ்சைப் பகுதியில் கோயிலுக்கு எழுதப்பட்ட விதானங்கள், உருளையாகத் தொங்கும் தொம்பைகள், தோரணத் துணிகள் வெள்ளையை நாடுவதில்லை. சிவப்பும் கறுப்பும் இடம் விடாமல் நிரம்பியிருக்கும். தொங்கும் தொம்பையை எண்ணெய் விளக்கொளியில், கீழிருந்து, தூரத்தில் நின்று பார்க்கிறோம். அங்கே நுண்கோடு எடுபடாது, பெரிய கண்களும் தடித்த எல்லைக் கோடும் எடுபடும். கும்பகோணம் பக்கத்துச் சிக்கல்நாயக்கன்பேட்டையில் சில குடும்பங்கள் இதை இன்றும் செய்கின்றன. இந்த மரபுக்கு, கருப்பூர் கலம்காரி என்ற பெயரில், 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

கொள்ளிடக் கரையின் கோடாலிகருப்பூரில் தஞ்சை மராட்டிய அரச குடும்பத்துக்காகச் செய்யப்பட்ட சேலைகள்தான், என்னைக் கேட்டால், இந்தக் கரையின் உச்சம். பருத்தியில் சரிகை வடிவங்களை ஊடையாகச் சேர்த்து நெய்து, பிறகு அதன் மேல் மெழுகும் படிகாரமும் எழுதிச் சாயமிட்டார்கள். தறியில் இருப்பவர் எந்த இடத்தில் சரிகை வைக்கிறாரோ அதைக் கணக்கில் கொண்டே எழுதுபவர் கோடு போட வேண்டும். ஒருவர் தவறினால் மற்றவர் உழைப்பு வீண். விளைவு பளபளக்கும் பொன் அல்ல. மங்கிய சிவப்புக்கும் பழுப்புக்கும் அடியிலிருந்து எட்டிப் பார்க்கும் பொன். அவ்வளவு பொன்னை நெய்துவிட்டு அதைச் சாயத்தால் அடக்கும் துணிச்சல் பெரிய ரசனை. 1855இல் தஞ்சை அரசு முடிந்தது. வாங்க ஆள் இல்லாமல் 19ஆம் நூற்றாண்டிலேயே அந்தச் சேலையும் நின்றது. அகமதாபாதில் 1949இல் தொடங்கிய காலிகோ அருங்காட்சியகத்திலும் வேறு சில இடங்களிலும் மட்டும் இன்று அதைப் பார்க்கலாம்.

கருவி என்றால் வரைவதற்கும் நெய்வதற்கும் மட்டும் என்று நினைப்பவர்களுக்கு நைஜீரியாவின் கலபாரிப் பெண்களைச் சொல்ல வேண்டும். சென்னை, பழவேற்காடு பகுதிகளிலிருந்து போன கட்டம் போட்ட பருத்தித் துணியை அவர்கள் வாங்கி, சிறு கத்தியால் சில இழைகளை மட்டும் அறுத்து உருவி எடுத்துவிடுவார்கள். எஞ்சும் இழைகளில் புதிய வடிவம் சல்லடையாகத் தெரியும். நம் நெசவாளர் சேர்த்ததைக் கழித்து அவர்கள் தங்கள் துணியை உண்டாக்கினார்கள். கத்தி எதை அறுக்கலாம் என்பதைப் பாவும் ஊடையும்தான் தீர்மானித்தன.

சாயவேரின் முடிவைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1868-69இல் ஜெர்மனியில் கிரேபேயும் லீபர்மானும் வேர்ச்சாயத்தின் சிவப்புப் பொருளான அலிசரினைச் செயற்கையாக உண்டாக்கினார்கள். 1897இல் செயற்கை அவுரி சந்தைக்கு வந்தது. தோண்டுவதும் பயிரிடுவதும் பெரும்பாலும் நின்றன. சுதந்திரத்துக்குப் பின் கமலாதேவி சட்டோபாத்யாய் முயற்சியால் 1950களில் காளஹஸ்தியில் பயிற்சி நிலையம் வந்து, எழுதும் கலை பிழைத்தது. ஆனால் அவுரித் தொட்டியும் பெரும் பரப்புக்கு மெழுகிடும் வேலையும் அங்கே பெரும்பாலும் திரும்பவில்லை. காளஹஸ்திப் படங்கள் கதை சொல்லும் கோட்டில் வளர்ந்து, மெழுகின் வெள்ளை நுண்கோட்டில் தேய்ந்ததற்கு இதுவே காரணம். இன்று கடைகளில் கலம்காரி என்று விற்பதில் பெரும் பகுதி திரை அச்சும் கணினி அச்சும்தான். முதல் சோதனை துணியின் பின்புறம். கலத்தால் எழுதியது நூலுக்குள் இறங்கிப் பின்னாலும் தெரியும், மேலோடு நின்ற அச்சு தெரியாது.

பழந்துணியிலிருந்து ஊக்கம் பெற விரும்பும் வடிவமைப்பாளருக்கு இதில் வேலை நிறைய இருக்கிறது. பூவை நகலெடுப்பதற்கு முன் அந்தப் பூ எத்தனை முறை பானைக்குப் போனது என்று கணக்கிட்டுப் பார்க்கலாம். இரும்பு நீர் காலப்போக்கில் நூலை அரித்துவிடும் என்பதால், பல பழந்துணிகளில் கறுப்புக் கோடு இருந்த இடம் வெறும் ஓட்டையாக இருக்கும். அந்த ஓட்டைகளே எழுதியவரின் கை ஓடிய வழி. நம் கோயில்களில் கிழிந்துபோன தொம்பைகளையும் விதானங்களையும் புதியவை வந்ததும் கழித்துவிடுகிறார்கள். கழிப்பதற்கு முன் முன்புறம், பின்புறம், மூட்டுத் தையல், நெசவின் அகலம் ஆகியவற்றைப் படம் எடுத்துப் பதிவு செய்ய ஒவ்வொரு மாவட்டத்திலும் ஓர் ஆள் போதும். ஏற்றுமதித் துணியின் வழியாகவே எழுதப்பட்ட வடிவ வரலாற்றின் மறுபாதி அந்தக் கந்தல்களில் இருக்கிறது. கூடவே, கடலோர மணலில் சாயவேரை மறுபடி விதைத்து, ஒரே ஒரு தொம்பையையாவது பொலியூ குறித்த வரிசைப்படி மெழுகும் அவுரியும் சேர்த்து முழுதாக எழுதிப் பார்க்க வேண்டும். அதன் நிரப்பு வடிவங்கள் அலங்காரத்துக்கு வந்தவையா, திட்டை மறைக்க வந்தவையா என்ற கேள்விக்கு அப்போது கையிலேயே விடை கிடைக்கும்.